ஒரு மெஷினில் தொடங்க விடுங்கள்: ஓசூர் வெண்டார் டெவலப்மென்ட் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒன்பது மெஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். ஐந்து சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்), இரண்டு வி.எம்.சி. (அதே முறையில் துளையிட்டுச் செதுக்கும் மெஷின்), ஒரு கிரைண்டிங் மெஷின், அப்பா முதன்முதலில் வாங்கிய சாதா லேத். ஆபரேட்டர், ஹெல்ப்பர், இன்ஸ்பெக்டர் என்று இருபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். புஷ், பின், சின்னச் சின்ன ஷாஃப்ட் செய்து உங்களைப் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம்.

போன மாதம் வந்த ஒரு மெயில்தான் இந்த மடலுக்குக் காரணம். மூன்று மாதத்துக்குள் எல்லா மெஷின்களையும் நெட்டில் இணைக்க வேண்டும், ஷிப்டுக்கு ஒருமுறை ஓ.இ.இ. கணக்கை (மெஷினை எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தினோம் என்ற சதவீதத்தை) போர்ட்டலில் ஏற்ற வேண்டும், தவறினால் வெண்டார் ரேட்டிங், அதாவது சப்ளை செய்யும் எங்களுக்குத் தரும் மதிப்பெண், குறையும் என்று அதில் இருந்தது. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. வேறு லெட்டர்ஹெட்டில் கிட்டத்தட்ட இதே வாசகம் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேபள்ளியிலும் உள்ள நண்பர்களுக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் ஒருவருக்குப் பதில் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மெஷினின் கணக்கைப் பார்க்காமல் பட்டறை நடத்தினால் எவ்வளவு பணம் வீணாகும் என்பதைக் கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டவன் நான். எனவே நீங்கள் போகச் சொல்லும் திசையில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது இரண்டுதான். படிப்படியாகப் போக விடுங்கள். நாங்கள் தரும் கணக்கை வைத்து எங்கள் ரேட்டைக் குறைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதற்கு எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2019-ல் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு டேப்லெட். மெஷின் நின்றால் ஆபரேட்டர் காரணத்தைத் தொட்டுப் பதிய வேண்டும். விற்றவர்கள் காட்டிய டெமோ பளிச்சென்று இருந்தது. எங்கள் ஷெட்டில் நடந்தது வேறு. கூலண்ட் படிந்த விரலுக்குத் திரை அசையாது. கையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டால், அடுக்கடுக்காக ஆங்கில மெனு. எங்களிடம் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஒரு வழக்கம் உருவாகிவிட்டது: ஷிப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, ஆங்கிலம் தெரிந்த ஒரு பையன் ஒன்பது டேப்லெட்டிலும் வரிசையாகத் தோன்றியதைத் தட்டிவிட்டுப் போவான். அடுத்த நாள் காலை எனக்கு வண்ண வண்ணமாக கிராஃப் வரும். அதில் ஒரு எண் கூட உண்மை கிடையாது. ஒரு வருடச் சந்தா முடிந்ததும் விட்டுவிட்டோம்.

நீங்கள் கேட்கிற மூன்று மாத வேகத்தில் போனால், ஓசூரில் நூற்றுக்கணக்கான பட்டறைகளிலிருந்து உங்கள் போர்ட்டலுக்கு வந்து சேரப்போவது இப்படிப்பட்ட கிராஃப்தான். அதை நம்பி நீங்கள் முடிவெடுப்பீர்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் நாங்கள் வேறு மாதிரி ஆரம்பித்தோம். ஒரே ஒரு மெஷின். அதுவும் எப்போதும் டெஸ்பாட்சைத் தாமதப்படுத்துகிற மெஷின். அதன் கதவோரம் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் தொங்கவிட்டோம். மெஷின் நின்றால் நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம். காரணம் ஐந்தே ஐந்து: செட்டிங் (அடுத்த உருப்படிக்கு மெஷினைத் தயார் செய்வது), டிப் (வெட்டும் முனை) மாற்றுவது, மெட்டீரியல் இல்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருப்பு, ரிப்பேர். எழுத வராதவர்களுக்காக ஐந்துக்கும் படம் வரைந்து ஒட்டினோம். ஸ்பேனர் படம் என்றால் ரிப்பேர், கண் படம் என்றால் இன்ஸ்பெக்‌ஷன்.

ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம். மெஷின் உண்மையில் வெட்டிக்கொண்டிருந்தது சராசரியாக ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி நேரத்தை ரிப்பேர் சாப்பிடுகிறது என்றுதான் நான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். புது மெஷினுக்கு லோன் கூட விசாரித்து வைத்திருந்தேன். நோட்டில் ஸ்பேனர் படம் கொஞ்சமாகத்தான் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கண் படம். ஒவ்வொரு செட்டிங் மாறும்போதும் முதல் பீஸை எடுத்துக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடியில் உள்ள இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் போக வேண்டும், அங்கே இருக்கிற ஒரே இன்ஸ்பெக்டர் வேறு மெஷினின் பீஸை அளந்துகொண்டிருப்பார், அவர் ஓகே சொல்லும்வரை மெஷின் சும்மா நிற்கும். அளவு பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட் ஒன்றையும் கேஜ்களையும் மெஷின் வரிசைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தோம். இரண்டு ஆபரேட்டர்களுக்கு அளக்கப் பயிற்சி கொடுத்தோம். காத்திருப்பு பாதிக்கும் கீழே வந்தது. லோன் வாங்கவில்லை.

நோட்டுக்குப் பிறகுதான் ஒயரிங். எங்கள் லேத்துகளில் இரண்டு 2004 மாடல். கன்ட்ரோலரில் பழைய ஆர்.எஸ்.232 போர்ட் மட்டும்தான், ஈதர்நெட் (நெட் கேபிள் செருகும் இடம்) கிடையாது. உங்கள் மெயிலோடு வந்த படிவத்தில் அப்படிப்பட்ட மெஷினுக்குக் கட்டமே இல்லை. ஆனால் மெஷின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்கு இருக்கிறது அல்லவா, அதற்குப் போகும் 24 வோல்ட் லைனிலிருந்து ஒரு ரிலே வழியாகச் சிக்னல் எடுத்தால் போதும். மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். புரோகிராம் முடியும் இடத்தில் எம்30 என்ற கட்டளை வரும், ஒரு எம்30 என்றால் ஒரு பீஸ். அதையும் எண்ண வைத்தோம். டிப்ளமோ முடித்து எங்களிடம் வந்த ஒரு பையன் சில ஆயிரம் ரூபாய்ச் சாமானில் இதைச் செய்துகொடுத்தான். மெஷின் நின்ற நேரத்தை விளக்கே தானாகச் சொல்லும், காரணத்தை மட்டும் ஆபரேட்டர் சொல்வார். அதற்கு ஐந்து பெரிய பட்டன், நோட்டில் இருந்த அதே ஐந்து படம். கையுறையோடு அழுத்தலாம். ஒன்பது மெஷினுக்கும் இது வந்து சேர இரண்டரை வருடம் ஆனது.

இதில் கிடைத்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பின் செய்கிறோம். எச்6 டாலரன்ஸ், அதாவது அளவு மாற அனுமதி மொத்தமே 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மார்கழி, தை மாதங்களில் இதில் ரிஜெக்‌ஷன் கூடும். டிப் சரியில்லை, பார் (வெட்டுவதற்காக மாட்டும் கம்பி) சரியில்லை, புதுப் பையனுக்குக் கை பழகவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். ரிஜெக்ட் ஆன பீஸின் மேல் நேரத்தை எழுதிப் போடச் சொன்னோம். இரண்டு வாரத்தில் எல்லாம் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் வந்து குவிந்தது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த மாதங்களில் விடியற்காலைக் குளிர் உங்களுக்கும் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற மெஷினின் ஸ்பிண்டிலும் ஸ்குரூவும் சூடேற ஏற மைக்ரான் கணக்கில் நீளும். அதுவரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் மூத்த ஆபரேட்டரிடம் இதைக் காட்டினேன். "தம்பி, இது உங்கப்பா காலத்திலேயே தெரியுமே. அதான் நான் வந்ததும் இருபது நிமிஷம் சும்மா ஓட்டிட்டுத்தான் பாரை மாட்டுவேன்" என்றார். அவரை நாங்கள்தான் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றியிருந்தோம். காலையில் வந்த பையனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது அந்த இருபது நிமிட வார்ம்-அப் புரோகிராமாகவே மெஷினில் இருக்கிறது, முதல் ஷிப்டின் ஜாப் கார்டில் முதல் வரி அதுதான். அண்ணன் கைக்குள் இருந்த அறிவைப் பட்டறைக்கே உரியதாக்க எங்களுக்கு ஒரு மார்க்கர் பேனாவும் இரண்டு வாரமும் தேவைப்பட்டன. இப்படி ஒவ்வொரு பட்டறையிலும் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். விளக்குக் கணக்கு வந்த புதிதில், ஒரு மெஷின் நாற்பது நிமிடம் நின்றதைப் பார்த்து, அதை ஓட்டியவரை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லா மெஷினிலும் நின்ற நேரம் குறைந்தது. உற்பத்தி மட்டும் கூடவில்லை. பார் இல்லாமலே மெஷினைக் காற்றில் ஓடவிட்டால் பச்சை விளக்கு எரியும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கணக்கை வைத்து யார் சம்பளத்திலும் கை வைப்பதில்லை, யாரையும் நிறுத்துவதில்லை என்று தமிழிலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நம்பிக்கை திரும்ப நாலைந்து மாதம் பிடித்தது.

நான் அவருக்குச் செய்ததைத்தான் எனக்கு ஒரு கம்பெனி செய்தது. பெயர் சொல்லவில்லை, சொல்வது என் நோக்கமும் இல்லை. எங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது என்று ஆடிட்டில் பாராட்டினார்கள். ஒரு உருப்படியின் சைக்கிள் டைம் (ஒரு பீஸ் வெட்ட ஆகும் நேரம்) விவரத்தைக் கேட்டார்கள், பெருமையாகக் கொடுத்தேன். கொட்டேஷனில் நான்கரை நிமிடம் போட்டிருந்தோம். டூல் பாதையைத் திருத்தித் திருத்தி எங்கள் ஆட்கள் நான்கு நிமிடத்துக்கும் கீழே கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த மாதம் பர்ச்சேஸிலிருந்து ரேட் குறைப்புக் கேட்டுக் கடிதம் வந்தது. வேகம் கூடியதால் டிப் சீக்கிரம் தேய்கிறது, பார் மாற்றும் நேரம் சைக்கிளில் வராது, அளக்கும் நேரம் வராது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். திரையில் தெரிந்த எண்ணைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இறக்கித்தான் கொடுத்தேன். அந்த முன்னேற்றத்தைக் கொண்டுவந்த ஆபரேட்டருக்கு நான் தரவிருந்த ஊக்கத்தொகை அந்த ரேட்டிலேயே போய்விட்டது.

இன்று ஆடிட்டர் வருகிறார் என்றால் வெட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீடு ஓவர்ரைடு குமிழியை 80 சதவீதத்துக்குத் திருப்பி, மெஷின் மெதுவாக ஓடுவதாகக் காட்டுகிற பட்டறைகள் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. கொடுப்பவருக்கு அடி விழும் என்றால் கொடுக்கப்படும் டேட்டா கெட்டுப்போகும். மெஷினை நேரடியாக நெட்டில் இணைத்துவிட்டால் இது நிற்கும் என்று நினைக்காதீர்கள். குமிழி மெஷினில்தான் இருக்கிறது.

ஓ.இ.இ. பற்றியும் பேச வேண்டும். ஜப்பானில் செயிச்சி நாகாஜிமா டி.பி.எம். என்ற மெஷின் பராமரிப்பு முறைக்காக வகுத்த கணக்கு அது. ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸ் என்ற மூன்று விகிதத்தையும் பெருக்கினால் வருவது. 90, 95, 99 என்று மூன்றுமே நன்றாக இருந்தால் 85-க்குப் பக்கத்தில் வரும். உங்கள் மெயிலிலும் அந்த 85-தான் இலக்கு. ஒரே உருப்படியை மாதக்கணக்கில் ஓட்டும் லைனுக்கு அது சரி. எங்களுக்கு நீங்கள் தருவது 200, 300 பீஸ் லாட். ஒரு செட்டிங் மாற்ற ஒன்றரை மணி நேரம், நாளைக்கு மூன்று மாற்றம் என்றால் நான்கரை மணி நேரம் அங்கேயே போகிறது. 16 மணி நேரத்தில் மிச்சம் பதினொன்றரை. அதாவது ஒரு நிமிடம் கூட வீணாக்காமல், ஒரு பீஸ் கூட ரிஜெக்ட் ஆகாமல் ஓட்டினாலும் 72-ஐத் தாண்ட முடியாது. செட்டிங் நேரத்தைக் குறைப்பது எங்கள் வேலை, குறைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் காலை பத்து மணிக்கு போன் செய்து "அதை நிறுத்திட்டு இதை ஓட்டுங்க, லைன் நிக்குது" என்று சொல்வது உங்கள் பிளானிங். அந்த போனால் எங்கள் ஓ.இ.இ. எவ்வளவு இறங்கியது என்று எங்களிடம் கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் தயார் என்றால் காட்டுகிறேன்.

எனவே டேட்டா உங்கள் பக்கமிருந்தும் வரட்டும். நான்கு வாரத்துக்கான ஷெட்யூலில் மாற்றம் வரும்போது அன்றே தெரிந்தால் பாதி அவசர செட்டிங் மிச்சமாகும். உங்கள் லைனில் எங்கள் பீஸ் ஒன்று ரிஜெக்ட் ஆனால் மாதக் கடைசியில் பணம் பிடிக்கும் டெபிட் நோட்டாக வருகிறது. அதே நாளில் போட்டோவும் அளவும் வந்தால் அன்று இரண்டாவது ஷிப்டிலேயே ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் பதிந்த அளவுத் திருத்தத்தை, மாற்றிவிடுவோம். பணமும் அப்படித்தான். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள், பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்க உதவும் ட்ரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. சேர்வது ஒன்று, எங்கள் பில்லை அதில் ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொண்டால் அதைக் காட்டி அந்த வாரமே நாங்கள் பணம் வாங்கிக்கொள்ள முடியும். ஒவ்வொரு நிமிடமும் எங்கள் மெஷின் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும் என்கிற நீங்கள், எங்கள் பில் எந்த மேஜையில் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரிய வழி செய்ய வேண்டும்.

போர்ட்டல் விஷயம் ஒன்று. எங்கள் ஆபீசில் ஒரு தங்கை இருக்கிறார். ஒரே டெஸ்பாட்ச் விவரத்தை முதலில் டேலி கணக்கு சாஃப்ட்வேரில், அப்புறம் அரசின் இ-இன்வாய்ஸில், அப்புறம் மூன்று கம்பெனிக்கு மூன்று விதமான போர்ட்டலில் தட்டுகிறார். பில் எண், தேதி, தொகை எல்லாம் இன்வாய்ஸின் கியூஆர் கோடிலேயே இருக்கின்றன. ஓசூர் கம்பெனிகள் நீங்கள் உட்கார்ந்து பேசி ஒரே படிவத்துக்கு வந்தால் அவருக்கு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சம்.

இ-இன்வாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஒரே நாளில் கட்டாயமாக்கவில்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. பிறகு 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்டில்தான் 5 கோடியைத் தொட்டது. எங்கள் முறை வந்தபோது டேலியிலேயே வசதி வந்துவிட்டிருந்தது, ஆடிட்டருக்கும் பழகியிருந்தது, பக்கத்துப் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. ஒரு நாள் கூட டெஸ்பாட்ச் நிற்கவில்லை. அரசாங்கம் மூன்று வருடம் எடுத்துக்கொண்டது போன்ற வேலையை எங்களிடம் மூன்று மாதத்தில் கேட்கிறீர்கள்.

நான் வேண்டுவது இதுதான். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த ஒரு மெஷினை எடுக்கட்டும், ஒரே ஒரு எண்ணைப் பார்க்கட்டும்: எத்தனை மணி நேரம் ஓடியது. நோட்டில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதமும் ரேட்டிங்கில் சேர்க்காதீர்கள். நோட்டில் எழுதியது உண்மை என்று தெரிந்த பிறகு விளக்குக்கும் பட்டனுக்கும் போகலாம், நெட் அதற்கப்புறம். சைக்கிள் டைமும் டூல் கணக்கும் ரேட் பேச்சில் வராது என்பதை சப்ளை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள். மிச்சமாகும் நேரத்தின் பலனில் உங்களுக்கும் பங்கு வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகப் பேசுவோம், பாதிப் பாதி என்றாலும் எனக்குச் சம்மதம். ஆனால் முதல் வருடப் பலன் அதைக் கொண்டுவந்த ஆபரேட்டருக்கும் பட்டறைக்கும் இருக்கட்டும்.

செலவைப் பற்றிப் பெரிதாகக் கேட்கப்போவதில்லை. பட்டறைகளில் விரயத்தைக் குறைப்பதற்கான மத்திய அரசின் லீன் திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் புது மெஷின்களோடு தமிழ்நாடு அரசு மையங்களைத் திறந்திருக்கிறது, அங்கே படித்து வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒயரிங் எல்லாம் தெரியும். உங்களிடம் நான் கேட்பது ஆள். உங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்களில் ஒருவரை மாதத்தில் இரண்டு நாள் சிட்கோவுக்கு அனுப்புங்கள். ஆடிட்டராக வேண்டாம். எங்கள் பழைய பேனலைத் திறந்து எந்த ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கலாம் என்று கூட நின்று பார்க்கிறவராக வரட்டும்.

நீங்கள் முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வாருங்கள். மீட்டிங் ஹாலில் வேண்டாம், எங்கள் ஷெட்டுக்கே வாருங்கள், காலை ஆறு மணி ஷிப்டுக்கு. வார்ம்-அப் முடிந்து முதல் பீஸ் வெளியே வரும்போது மூத்த ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்களைப் பார்க்க அவரே முதல் ஷிப்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த முதல் நோட்டை அவர்தான் பத்திரமாக வைத்திருக்கிறார், அதையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெண்டார்களில் ஒருவன்,
சிட்கோ தொழிற்பேட்டை, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.